மழைமானியும் வெற்றுக் கட்டமும்: பள்ளிகளில் காலநிலைக் கல்வி

வானிலை ஓரிடத்தின் அன்றாட நிலை. காலநிலை அதன் நீண்ட காலச் சராசரி. பள்ளி மாணவர் இந்த வரையறையை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார். அந்தச் சராசரிக்குள் எண்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதை அவர் அறிவதில்லை. காலநிலைக் கல்வி இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அதற்கு மாணவரே மழையை அளப்பதுதான் வழி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாடு இதற்கு ஏற்ற களம். மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 92 செ.மீ. அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. ஓரிரு தாழ்வு மண்டலங்கள் வந்தால் ஏரிகள் நிரம்பும். கரையை விட்டு விலகிப்போனால் பருவமே பொய்த்துவிடும். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. மாநிலத்தின் ஓராண்டுச் சராசரி ஓர் ஊரில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. இவ்விரு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவது, எந்த வரையறையையும்விட நன்றாகப் பாடம் நடத்தும்.

அளப்பதற்குச் செலவு அதிகமில்லை. வாய் 200 சதுர செ.மீ. பரப்புள்ள புனலில் 20 மி.லி. நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. ஒரு சதுர மீட்டரில் அதுவே ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 100 லிட்டர். அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி மழைமானியை வைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் தேடும்போதே மாணவர் பிழையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறார். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு மழையைக் கணக்கிடுகிறது. பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கனமழை கொட்டும் நாளில் பள்ளிக்கு விடுமுறை. மிகப் பெரிய அளவு பதிவாக வேண்டிய நாளில் அளப்பவர் இல்லை. குறிப்பேட்டில் அந்த நாளுக்கான கட்டத்தில் சுழியம் எழுதக் கூடாது, வெற்றாக விட வேண்டும் என்பதை நான் மிக முக்கியமான பாடமாகக் கருதுகிறேன். மழை பெய்யவில்லை என்பதும் அளக்கவில்லை என்பதும் வேறு வேறு. இரண்டையும் குழப்பினால் சராசரி பொய்யாகிறது. அதுவும் குறைத்துக் காட்டும் பக்கமாகவே பொய்யாகிறது. சில மாணவர் வீட்டிலும் மழைமானி வைத்து, வெள்ள அபாயமில்லாத நாள்களில் அளந்தால் இடைவெளி குறையும்.

காலநிலைச் சராசரிக்கு 30 ஆண்டுகள் தேவை, பள்ளிக் குறிப்பேட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆறாம் வகுப்பில் அளக்கத் தொடங்கியவர் பத்தாம் வகுப்பில் தம் ஐந்தாண்டு எண்களைப் பார்த்து, இவை போதாது என்று தாமே சொல்ல முடிந்தால் கல்வி பலித்தது. 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்திலிருந்து தொடரும் பதிவுகளின் அருமை அப்போது அவருக்குப் புரியும்.

வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் மழை கனக்கலாம் என்ற இயற்பியலை அதன்பிறகு கற்பிக்கலாம். ஒரு பெருமழையைக் கண்டதும் காலநிலை மாற்றம் என்று முடிவுகட்டாமல், இத்தகைய மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்தது, இப்போது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்கிறது என்று மாணவர் கேட்பார்.