நம் நகரில் வாழ்ந்த சுந்தரனார்

நமது சங்கத்தின் ஆண்டு விழா தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குவது வழக்கம். அப்பாடல் 1970-இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்கப்பெற்றது; 2021-இல் அம்மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. ஆயினும் அதனை யாத்த பெருமகனார் இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, இங்கேயே மறைந்தார் என்னும் செய்தியை நம் காலனிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? அறியாமைக்கு அவர்களைக் கடிவதிற் பயனில்லை. அவர்களுக்கு எடுத்துரைக்கும் கடமை பெரியோராகிய நம்முடையது.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையிற் பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிற் பயின்று, அங்கேயே தத்துவப் பேராசிரியரானார். இடையிற் சில ஆண்டுகள் அரண்மனை அலுவலகத்தில் சிரஸ்ததாராகவும் இருந்தார். கோப்புகளுக்கிடையே வாழும் என்போன்ற குமாஸ்தாக்களுக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி தருவதாகும்! 1885-இல் மீண்டும் கல்லூரிக்கு வந்த அன்னார், அவ்வாண்டிலேயே இந்நகரிற் சைவப் பிரகாச சபையைத் தோற்றுவித்தார். 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டு, அதனைத் தம் ஆசிரியர் டாக்டர் ஹார்விக்கு உரிமையாக்கினார். தமிழ்த்தாய் வாழ்த்து அந்நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது.

நாடகாசிரியர் என்று மட்டுமே அவரை அறிந்தோர் பலர். அவருடைய வரலாற்று உழைப்பு அதனினும் குறைந்ததன்று. திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிற்குத் தள்ளிய கால்டுவெல் பாதிரியாரின் கொள்கையை மறுத்து, அப்பெரியார் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராக இருத்தல் இயலாது எனச் சான்றுகளுடன் நிறுவினார். 1894-இல், கல்வெட்டுகளையே துணையாகக் கொண்டு, பழைய வேணாட்டு அரசர் சிலருடைய காலத்தை வரையறுத்து ஆங்கில நூலொன்று வெளியிட்டார். மணலிக்கரைக் கல்வெட்டினை அவர் பெரிதும் போற்றியதற்குக் காரணம் உண்டு. அரசனுடைய அதிகாரிகளும் ஊராரும் ஒருங்குகூடி, செலுத்தவேண்டிய நெல்வரியைப் பற்றிச் செய்துகொண்ட ஏற்பாட்டை அது கூறுகிறது. அக்காலத்தில் தெற்கே செல்லப் புகைவண்டி கிடையாது. செங்கோட்டை வழியாக வந்த ரயில் இந்நகரின் சாக்கையை அடைந்ததே 1918-இல்தான். தம்பானூருக்கு 1931-இல் வந்தது. நாகர்கோவில் பாதை 1979-இல் திறக்கப்பெற்றது. இத்தகைய வசதி ஒன்றுமின்றி ஊர் ஊராகக் கல்வெட்டுத் தேடிய அப்பேராசிரியர் 1897-இல், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவ்வயதை நான் கடந்துவிட்டேன் என்னும் எண்ணம் ‘மனோன்மணீய’த்தைக் கையிலெடுக்கும் போதெல்லாம் எழுவதுண்டு.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரத்திற்கு வந்தார். இளவரசரின் ஆசிரியராக விளங்கிய சுந்தரராம ஐயர் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கினார், சுந்தரனாரையும் சந்தித்தார். அந்நாட்களின் நினைவுகளைச் சுந்தரராம ஐயர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஒருவர் பேனாவை எடுத்தமையால் அவ்வொன்பது நாட்கள் நமக்குக் கிட்டின. சுந்தரனாருடன் மாலைதோறும் உரையாடிய உத்தியோகஸ்தர்களும் மாணாக்கர்களும் ஆளுக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருப்பின், இன்று நாம் எத்துணைச் செல்வராக இருப்போம்! வாய்ப்பு வீட்டுத் திண்ணையிலேயே வந்து அமர்ந்திருந்தது.

பின்னரும் இந்நகர் தமிழை மறக்கவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இங்கு மகளிர்க்குத் தமிழ் கற்பித்தார். சில ஆண்டுகள் இங்கு வழக்கறிஞராயிருந்த வையாபுரிப் பிள்ளை, தமிழ் லெக்சிகன் பணியை முடித்தபின், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மணலிக்கரைக் கல்லும் எல்லைக்கு அப்பால் சென்றது. திருவனந்தபுரத்துத் தமிழர் தம் வீட்டை விட்டு நகராமலேயே மொழிச் சிறுபான்மையினராயினர். அன்று பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று எண்பதை எட்டிவிட்டனர். கரமனை அக்கிரகாரங்களிலும், சாலைக் கடைவீதியைச் சூழ்ந்த தெருக்களிலும் அத்தகைய முதியோர் இன்னும் உளர். அவர்கள் படித்த தமிழ்ப் பள்ளி, மாறிய ஆட்சிமொழி, பிரிந்து சென்ற உறவினர், பெட்டியிலுள்ள பழைய விழா அழைப்பிதழ்கள் ஆகியவற்றையெல்லாம் கேட்டறிய வேண்டுமாயின் காலந்தாழ்த்துதல் தகாது. அலுவலகம், டியூஷன், தொலைக்காட்சி எனக் கூறி நாம் ஒத்திப்போடும் ஒவ்வோராண்டும் சில வாயில்கள் மூடிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு மாலை கூடி, நாட்டியம் கண்டு, உணவருந்திப் பிரிவதற்கு மட்டுமா சங்கம் கண்டோம்?

ஆதலின் காலனி அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரம் ஒரு முதியவரைக் கண்டு அவர் கூறுவதை எழுதுவோம். செல்லிடப்பேசியிற் குரலையும் பதிவு செய்வோம். திங்கள் ஒருமுறை பிள்ளைகளுடன் வரலாற்று இடமொன்றிற்குச் செல்வோம். முதற்பயணம் வலியசாலைக்கு. முதலாம் இராசராச சோழன் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலையின் பெயரைத் தாங்கிய சிவாலயம் அங்குள்ளது. அச்சாலை கப்பல் துறையோ கல்விச்சாலையோ எனப் புலவர் நெடுங்காலம் வாதிட்டனர். கவிமணியும் அதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலியற்றினார். கரமனையிலிருந்து நடந்தே செல்லலாம். விழா முடிந்த அடுத்த ஞாயிறு காலை 6.30 மணிக்குச் சங்க வாயிலிற் கூடுவோம். பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொண்டு வருக.