கிரூட்: கணக்கில் எஞ்சிய சுவை

சில ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. அங்கு அன்னிக் டி ஸ்பிளென்டர் என்ற பெண்மணி 2009இல் தொடங்கிய கிரூட் என்னும் சிறு பியர் ஆலையின் பழுப்பு ஏலை ஒரு மாலையில் சுவைத்துப் பார்த்தேன். வறுத்த தானியத்தின் மணம் முதலில் வந்தது. பின்னர் மெல்லிய இனிப்பு. பியர் என்றதும் நாக்கு எதிர்பார்க்கும் கசப்பு மட்டும் வரவில்லை. அவ்விடத்தில், நாட்டு மருந்துக் கடையின் வாசலைக் கடக்கையில் எழுவது போன்ற ஒரு பச்சிலை வாசம் நின்றது.

பியரின் இயல்பு என நாம் கருதும் கசப்பு, ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கதிர்கள் தருவது. இடைக்கால ஐரோப்பாவின் வடமேற்குப் பகுதிகளில் அதன் இடத்தில் இருந்தது கிரூட் என்னும் மூலிகைக் கலவை. சதுப்பு நிலத்தில் வளரும் மிர்ட்டில் அதில் முதன்மையானது. காட்டு ரோஸ்மேரியும் யாரோ என்னும் செடியும் இடத்துக்கேற்பச் சேர்ந்தன. தமிழ்க் காதுக்கு அச்செடியின் பெயரே முகவரி இழந்த ஒருவரைச் சுட்டுவது போல ஒலிக்கிறது.

கிரூட் வெறும் சுவைப்பொருள் அன்று; அது ஓர் அதிகாரம். அதனைத் தயாரித்து விற்கும் உரிமை மன்னரிடமிருந்து ஆயர்களுக்கும் பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் சென்றது. மது காய்ச்சுவோர் கலவையை அவர்களிடமே வாங்க வேண்டும். விலையிலேயே வரியும் அடங்கிவிடும். புரூஜ் நகரில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் கிரூட்ஹூஸ் மாளிகை, இவ்வுரிமையால் செழித்து, அதையே குடிப்பெயராகவும் கொண்ட குடும்பத்தின் இல்லம்.

ஹாப்ஸும் புதியதன்று. 822இலேயே கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்டின் விதிகளில் அது இடம்பெறுகிறது. அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று 12ஆம் நூற்றாண்டில் துறவி ஹில்டகார்டு குறித்தார். கெடாத பியரைக் கப்பலேற்றலாம். 13ஆம் நூற்றாண்டு முதல் பிரெமன், ஹாம்பர்க் நகரங்களின் பியர் கடல்வழியே பரவியது. கிரூட் உரிமையாளர்கள் எதிர்த்தனர். பின்னர் ஹாப்ஸுக்கும் வரி விதித்து அமைதியடைந்தனர். பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றே பியருக்கு ஆகும் என 1516இல் பவேரியா விதித்த புகழ்பெற்ற சட்டம் இம்மாற்றத்தைத் தொடங்கி வைக்கவில்லை. பெருமளவு நடந்து முடிந்ததற்கு முத்திரையிட்டது.

சொல்லின் பொருளும் உடன் மாறியது. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹாப்ஸ் சேராதது ஏல், சேர்ந்தது பியர். காலப்போக்கில் ஏலிலும் ஹாப்ஸ் நுழைந்தது. பெயர் நின்றது, பொருள் நீங்கியது. சொற்பொருள் மாற்றம் குறித்து வகுப்பில் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டியதில்லை.

கிரூட்டின் செய்முறை நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. மூலிகை வாங்கிய செலவு நகரக் கணக்கேடுகளில் உண்டு; கலந்து காய்ச்சிய பக்குவம் இல்லை. கணக்கெழுதியவருக்கு வேண்டியது விலை; சுவையை எழுதி வைக்க அவருக்குக் காரணம் ஏதுமில்லை. காய்ச்சியவருக்கோ அது கைப்பழக்கம். எழுதத் தேவையே எழவில்லை. ஆதலால் இன்றைய மூலிகை ஏல் எதுவும் பழைய கிரூட் அன்று. மூலநூல் அழிந்தபின், உரையாசிரியர் மேற்கோள் காட்டிய சில அடிகளைக் கொண்டு நூலை உய்த்துணர்வது போன்ற முயற்சி அது. தமிழ் படித்தவர்க்கு இத்துயரம் புதிதன்று.

கோப்பையில் அன்று நான் அருந்தியதும் ஓர் ஊகமே. எனினும், நாக்கு இயற்கை என நம்பியிருந்த ஒரு கசப்பு, வணிகமும் வரியும் சட்டமும் கூடிப் பழக்கியது என்பதை அந்த ஊகமே எனக்கு உணர்த்தியது.