பதிவும் நிலைபேறும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

எழுதப்பட்டவை யாவும் நிலைத்துவிடுவதில்லை. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிய செய்திகளுள் எவற்றை, எந்த ஒழுங்கில், எவரது தேவைக்காகப் பேணுகின்றது என்னும் வினா, அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடும் அதிகார அமைப்போடும் பிணைந்த வினாவாகும். இன்று கணினித் துறையினர் ‘தரவு நிலைபேறு’ எனக் குறிக்கும் பொருளும் இதற்கு விலக்கன்று. அப்பொருளைப் புத்தளக் கரையோரத்தின் பதிவு வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயலியொன்று மூடப்பட்டதும் அதன் தற்காலிக நினைவகத்தில் இருந்தவை மறைந்துபோகின்றன. மீளப் பெறவேண்டியவற்றை நிலையான களஞ்சியத்தில் எழுதிவைத்தல் வேண்டும். இவ்வேலையைச் செயலி ஆக்குவோர்க்கு எளிதாக்கும் பொருட்டு அப்பிள் நிறுவனம் 2023 இல் ‘சுவிஃப்ட் டேற்றா’ என்னும் சட்டகத்தை அறிமுகஞ் செய்தது. 2024 இல் அதனோடு சேர்க்கப்பட்ட வசதிகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. முதலாவது, அடிக்கடி தேடப்படும் புலங்களுக்கு அடைவு அமைத்துத் தேடலை விரைவுபடுத்துவது. இரண்டாவது, பல புலங்களை ஒருசேரக் கொண்டு ஒரு பதிவைத் தனித்ததென வரையறுப்பது. அதே அடையாளத்துடன் மற்றொன்று வருமாயின் அது புதிய பதிவாகாது, பழையதைத் திருத்தும். மூன்றாவது, சேர்த்தல், மாற்றல், நீக்கல் ஆகியவற்றின் வரலாற்றைப் பேணுவது. ஒரு பதிவு நீக்கப்பட்ட பின்னரும் அதன் குறித்த சில பெறுமானங்களை அவ்வரலாற்றில் எஞ்சச் செய்யலாம். அடைவு, தனித்தன்மை, வரலாறு என்னும் இம்மூன்றும் கணினிக்கு மிக முற்பட்ட சிக்கல்களே.

ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டியது (1667-1676) புத்தளக் களப்பின் வாயிலையும் அதன்வழி நடைபெற்ற வாணிபத்தையும் தம் கட்டுப்பாட்டில் வைத்தற்பொருட்டாகும். அவர்தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிற் போர்த்துக்கேயர் வழக்கைத் தொடர்ந்து தோம்புகள் எழுதப்பட்டன. தலைத் தோம்பு குடும்பத்தாரையும் காணித் தோம்பு நிலத்தையும் பதிந்தன. ஆளையும் காணியையும் அடையாளங் கண்டு வரிக்கும் ஊழியத்துக்கும் உட்படுத்துவதே அவற்றின் பயன். ‘தனித்தன்மை’ அங்கு அரசிறையின் அலகாகவே அமைந்தது. உழைப்பவன் தோம்பில் இடம்பெற்றான். அவனது உழைப்பின் வரலாறு இடம்பெறவில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் அடைவின் தேவை மேலோங்கிற்று. 1833 இல் கோல்புறூக் விதந்துரைகளையொட்டித் தீவு முழுவதும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, கற்பிட்டியில் 1807 இற் பிறந்து புத்தளத்தில் மணியகாரராக விளங்கிய சைமன் காசிச்செட்டியின் ‘சிலோன் கசற்றியர்’ வெளிவந்தது. ஊர், துறைமுகம், ஆறு, குளம் முதலியன ஆங்கில அகரவரிசையில் நிரற்படுத்தப்பட்டன. ஓரிடத்தை நேரிற் கண்டிராத அதிகாரியும் பெயரைக் கொண்டே அதனை அறிந்துகொள்ளலாம். ஆயினும் இந்நூலை வெறும் ஆட்சிக் கருவியாகக் கொள்வது பொருந்தாது. குடியேற்ற நாட்டு அதிகார வரிசையிற் கீழ்ப்படியில் நின்ற சுதேசி ஒருவர் தம் நாட்டை விளக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றமை இதன் முரணியல்பாகும்.

இம்முரண் அவரது ‘தமிழ் புளூட்டாக்’ நூலில் மேலும் தெளிவுறும். 1859 இல் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல் ஏறத்தாழ 200 புலவர்தம் வரலாறுகளைத் தொகுத்துரைத்தது. சுவடிகளிலும் செவிவழிச் செய்திகளிலும் சிதறிக்கிடந்தவை ஒரு சட்டகத்துட் புகுந்தன. எனினும், பெயரையே தலைப்பாகக் கொள்ளும் எந்தத் தொகுப்புக்கும் ஔவையார் போன்றோர் இடர் தருவர். சங்கப் பாடல்களைப் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் வேறானவர் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட முடிபு. பெயரோடு காலத்தையும் சேர்த்தாலன்றித் தனித்தன்மை துலங்காது. பின்னர் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை காசிச்செட்டியின் தொகுப்பைப் பயன்படுத்தி, அதனைப் பெரிதும் விரித்து, 1886 இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எனத் தமிழில் நூலியற்றினார். பதிவொன்றின் நிலைபேறு பின்வந்தோரது உழைப்பினாலேயே எய்தப்படுகின்றது என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது சிக்கல் நம் காலத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேறியோர் பலரிடம் காணி உறுதிகள் எஞ்சவில்லை. வாக்காளர் இடாப்போ ஒருவர்க்கு ஓரிடம் என்னும் விதியில் அமைந்தது. புத்தளத்திற் பதிந்தால் பிறந்த ஊரில் வாக்கில்லை. பதியாவிடின் வாழும் ஊரில் வாக்கில்லை. 2013 இல் நிறைவேறிய வாக்காளர் பதிவுச் (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம், இடம்பெயர்ந்தோர் தம் முன்னைய வாழிடத்திற் பதிவுபெற வழிவகுத்தது. வரலாறற்ற இடாப்பிற்கு வரலாறு சேர்த்த திருத்தம் என இதனைக் கூறலாம். இழந்த முகவரியும் ஒரு மெய்ம்மையென அங்கு ஏற்கப்பட்டது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சட்டகமொன்றின் வசதிகள் சமூகச் சார்பற்றவையல்ல என்பது புலனாகும். அடைவு எவர் தேடுவதற்கு? தனித்தன்மையை வரையறுப்பவர் யார்? நீக்கப்பட்டோரைப் பற்றிய எச்செய்தி எஞ்சும்? தோம்பில் எழுதப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று தாமே தரவுச் சட்டகங்களைக் கையாளும் நிலையை அடைந்துள்ளனர். புலங்களுக்கு அவர்கள் பெயரிடும்போது இவ்வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும்.