சிற்றூர்க் காவலும் தகுதிச் சான்றும்

பயிரைக் காக்க வேலி வேண்டும். அந்த வேலி செம்மையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது யார்? பெருநகரமாயின் பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் விழித்திருப்பர். நாலைந்து காவலரே உள்ள சிற்றூரில் அவ்வாறு பார்க்கும் கண்கள் குறைவு. இவ்வினாவிற்கு இரண்டு நாடுகள் இரு வேறு வழிகளில் விடை தேடின. அவ்வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இங்கிலாந்து. 1829-ஆம் ஆண்டில் ஸர் ராபர்ட் பீல் லண்டனுக்கு ஒழுங்கான போலீஸ் படை ஒன்றை அமைத்தார். நகராண்மைகளும் காவலரை நியமிக்க வேண்டும் என்று 1835-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கௌண்டிகள் எனப்படும் ஜில்லாக்களோ விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றது 1839-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே ஓரிடத்தில் நல்ல காவல். எல்லையைத் தாண்டினால் பெயரளவில் காவல். இதைச் சீர்ப்படுத்த 1854-இல் பால்மர்ஸ்டன் பிரபு முயன்றார். தங்கள் சுதந்திரம் பறிபோகும் என்று நகராண்மைகள் கொதித்தெழுந்தன. முயற்சி கைவிடப்பட்டது.

1856-இல் உள்நாட்டு மந்திரி ஸர் ஜார்ஜ் கிரே சட்டத்தை நிறைவேற்றினார். கட்டாயத்தோடு பணத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். கௌண்டிதோறும் படை அமைத்தே தீர வேண்டும். மூன்று இன்ஸ்பெக்டர்கள் படைகளைச் சென்று பார்வையிடுவர். ஆள்தொகையிலும் ஒழுங்கிலும் படை திறமையுடையது என்று சான்று கிடைத்தால், சம்பளத்திலும் உடையிலும் ஆகும் செலவில் கால் பங்கை அரசாங்கம் அளிக்கும். 5,000 பேருக்கும் குறைவான ஊர் தனிப் படை வைத்திருந்தால் மானியமே இல்லை. முதல் பார்வையிடலில் ஏறக்குறையப் பாதிப் படைகள் தேறவில்லை! 1874-இல் மானியம் அரைப் பங்காயிற்று. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் 10,000 பேருக்குக் குறைந்த ஊர்களின் தனிப் படைகளைக் கௌண்டிகளோடு இணைத்துவிட்டது. 1890 அளவில் எல்லாப் படைகளும் தேறிவிட்டன. ஆனால் சிற்றூர்கள் பல தம் காவலைத் தாமே நடத்தும் உரிமையை இழந்தன.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே சிற்றூர்களும் தமக்கெனப் போலீஸ் வைத்திருக்கின்றன. உள்ளூர்ப் போலீஸ் துறைகளில் சுமார் பாதியில் பத்துக் காவலர்கூட இல்லை. 1979-இல் காவல் அதிகாரிகளின் சங்கங்கள் நான்கு கூடிக் ‘கலியா’ என்னும் ஆணையத்தை நிறுவின. 1983-இல் அது 900-க்கும் மேற்பட்ட நெறிகளை வெளியிட்டது. 1984-இல் முதன்முதலாகச் சான்று பெற்றது நியூயார்க்கோ சிகாகோவோ அன்று. பிளாரிடா மாநிலத்து மவுண்ட் டோரா என்ற சிற்றூரின் போலீஸ் துறையே!

இச்சான்றுக்குக் கட்டாயம் இல்லை, விரும்பியவர் நாடலாம். கைப்பற்றிய பணமும் துப்பாக்கியும் எங்கே வைக்கப்படும், அவற்றைக் கையாள்பவர் யார், காவலர் எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், அவர்மீது வரும் புகாரை எவ்வாறு விசாரிப்பது என்பனவற்றுக்கெல்லாம் எழுத்து மூலமான விதி வேண்டும். விதிப்படி நடந்ததற்குச் சான்றும் வேண்டும். வெளியூர்க் காவல் துறைகளில் பழகியவர்கள் நேரில் வந்து பரிசோதிப்பர். ஆறே காவலர் உள்ள ஊரில் கோப்பு எழுத ஒருவர் உட்கார்ந்தால் ரோந்துக்கு ஒருவர் குறைவார், கட்டணமும் உண்டு. ஆதலால் சிறிய துறைகளுக்குச் சில நெறிகள் தளர்த்தப்பட்டன. நியூயார்க் முதலிய மாநிலங்கள் தாமே தனித் திட்டங்களை வகுத்தன.

சான்று பெற்ற காவலர் எல்லாரும் நேர்மையாளரா? தலைமையாசிரியனாக இருந்த என்னைக் கேட்டால், பள்ளித் தணிக்கையை நினைத்துக்கொள்வேன். அதிகாரி வரும் நாளில் சுவரில் படங்கள் தொங்கும், பாடக்குறிப்பேடுகள் நிறைந்திருக்கும். மறுநாள் படங்களைச் சுருட்டி வைத்துவிடுவோம். ஆயினும் அவர் வருவார் என்ற நினைவினால்தான் வருகைப் பதிவேடு ஆண்டு முழுவதும் பிழையின்றி இருந்தது. சான்று நேர்மையை உண்டாக்குவதில்லை. நேர்மையின்மை ஒளிந்துகொள்ளும் இடங்களைக் குறைக்கிறது. எளிய மனிதன் ஒருவன் காவல் நிலையத்தின் வாயிலில் தன் புகாரோடு நிற்கிறான். அவனுக்கு அந்த அளவு பாதுகாப்பும் பெரிது. எஞ்சியதை அந்த ஊர் மக்களின் விழிப்பே செய்ய வேண்டும்.