மரப்பலகையில் குண்டு எவ்வளவு ஆழம் போகும்? கடலூரில் இறந்த ஒரு கணக்கு வாத்தியாரின் கதை

மேச்சேரி என்றதும் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது பத்திரகாளியம்மன் கோவில். அடுத்தது மேச்சேரி ஆடு. பக்கத்தில் மேட்டூர் அணை, காவிரிக்கு அந்தப் பக்கம் பாலமலை. மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கல்வராயன் மலையும் கருமந்துறையும். இந்த மலையடிவாரங்களில் "நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்" என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வரும். குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற பழைய வகைத் துப்பாக்கி அது. "பால்ரஸ் குண்டுகள் சிக்கின" என்று செய்தியின் கடைசி வரி சொல்லும்.

இப்படிப்பட்ட வீட்டுக் குண்டுக்கு எவ்வளவு சக்தி? டீக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "ஒரு பலகையை நிறுத்திச் சுட்டுப் பார்த்தால் தெரிஞ்சிடும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். கேட்க விளையாட்டுத்தனமாக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் குண்டுகளின் விஞ்ஞானமே பிறந்தது. அதற்கு முதன்முதலில் கணக்கோடு பதில் சொன்ன மனிதர் உயிர் விட்ட இடம் இங்கிலாந்து அல்ல, நம்ம கடலூர்!

குண்டு விழுந்த தூரம் வரை

முதலில் கடலூரின் ஒரு பழைய கதை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் கம்பெனிக்குச் சொந்தம்? அதற்கு ஒரு வினோதமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும், குண்டு விழும் தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு!

சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பி வைத்தார்களாம். பின்னே, சும்மாவா? கடலூரில் இன்றும் "குண்டு சாலை" உண்டு, "குண்டு உப்பலவாடி" என்ற ஊரும் உண்டு. பெயரில் இருக்கிற குண்டு அந்தப் பீரங்கிக் குண்டுதான்.

அந்தக் காலத்தில் பீரங்கி பற்றிய அறிவு இந்த அளவில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சுட்டால் எங்கோ போய் விழும். எங்கே விழும் என்பதை விழுந்த பிறகுதான் சொல்ல முடியும். குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டின் வேகம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றை எப்படி அளப்பது?

குவேக்கர் வீட்டுப் பிள்ளை

பெஞ்சமின் ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரும் ஆயுதமும் பாவம் என்று நம்புகிறவர்கள். அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைதான் பின்னாளில் பீரங்கிக் கலையையே மாற்றி எழுதியது.

லண்டனில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். 20 வயதிலேயே ராயல் சொசைட்டியில் உறுப்பினராகிவிட்டார். 1742-ல் "பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். 1745-ல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தன் நீண்ட குறிப்புகளோடு வெளியிட்டவர் சாதாரண ஆள் இல்லை, மாபெரும் கணித மேதை ஆய்லர். மறு வருடமே, 1746-ல், ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்சுக்குக் கிடைத்தது.

தொங்கும் மரக்கட்டை

ராபின்ஸ் செய்தது இதுதான். ஒரு முக்காலியிலிருந்து இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முகத்தில் கனமான மரக்கட்டையைத் திருகினார். மொத்த எடை ஏறக்குறைய 56 பவுண்டு, அதாவது 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சுட்ட குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 38 கிராம். குறுக்களவு முக்கால் அங்குலம்.

குண்டு மரத்தில் பாய்ந்து புதைந்ததும் கட்டை ஊசல் மாதிரி பின்னால் ஆடும். கட்டையின் அடியில் ஒரு மெல்லிய நாடா. ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு நாடா வெளியே இழுபடும். நாடாவை அளந்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் தெரிந்தால் கட்டையின் வேகம் தெரியும். அதிலிருந்து நியூட்டன் விதிப்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டால் குண்டின் வேகம் வந்துவிடும்.

எளிமையாகச் சொன்னால், கட்டை குண்டைவிட 670 மடங்குக்கு மேல் கனம். அதனால் குண்டின் வேகம் அந்த அளவுக்குக் குறைந்து கட்டைக்குக் கிடைக்கிறது. குண்டு நொடிக்கு 1700 அடி வேகத்தில் வந்தால் கட்டை நொடிக்கு இரண்டரை அடி வேகத்தில்தான் நகரும். சின்னக் குழந்தை தளர்நடை போடுகிற வேகம்! கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குத் தெரிகிற வேகத்துக்கு இறக்கிவிட்டார் ராபின்ஸ். மரக்கட்டையும் நாடாவும்தான் கருவி.

இதில் வந்த முடிவுகள் எல்லோரையும் அதிர வைத்தன. அதுவரை காற்றின் தடையைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ராபின்ஸ் கட்டையைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் சுட்டார். அந்த வேகத்தில் போகும் குண்டைக் காற்று அதன் சொந்த எடையைப் போல 100 மடங்குக்கும் மேலான பலத்தோடு பின்னுக்குத் தள்ளுகிறது என்று தெரிந்தது. பாடப் புத்தகத்தில் வரும் அழகான பரவளையப் பாதை, நிஜக் குண்டுக்குப் பொருந்தவே பொருந்தாது என்று ஆனது.

ஆழத்துக்கு ஒரு கணக்கு

வேகம் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, மரத்தில் எவ்வளவு ஆழம் போகும்? குண்டு உள்ளே போகும் வழி முழுக்க மரம் ஒரே அளவாகத் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆழம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆழம் நான்கு மடங்கு. ஒரு வேகத்தில் 1 அங்குலம் போன குண்டு, இரட்டை வேகத்தில் 4 அங்குலம் போகும். இந்த விதியை ராபின்ஸ்-ஆய்லர் விதி என்று இன்றும் சொல்கிறார்கள்.

இது முழுச் சரியா என்றால் இல்லை. வேகம் கூடக் கூட மரமும் கூடுதலாகத் தடுக்கிறது. 1830களில் பிரான்ஸின் மெட்ஸ் நகரத்தில் பியோபேர், மோரேன், டிடியோன் ஆகியோர் மரம், மண், கட்டடச் சுவர் என்று பலவற்றிலும் சுட்டு அளந்தார்கள். பொன்செலே என்ற பொறியாளர் வேகத்தையும் சேர்த்துக்கொண்ட சூத்திரத்தைக் கொடுத்தார். ஆனால் அடித்தளம் ராபின்ஸ் போட்டதுதான்.

இதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே எடை மருந்து, அதே எடைக் குண்டு, அதே குழல், அதே மரம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சுட்டு, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை சுட்டு ஆழத்தை அளந்தால், அது அந்த ஒரு குண்டின் கதை மட்டுமே.

ஆழம் அதிகமானால் சேதம் அதிகமா?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். ஆழமாகப் போகிற குண்டுதான் பலமான குண்டு என்று நினைப்பது இயல்பு. ராபின்ஸ் அப்படி நினைக்கவில்லை. 1747-ல் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு யோசனை சொன்னார். குறைந்த மருந்தில் பெரிய குண்டைச் சுடுங்கள் என்றார். வேகமான சிறு குண்டு கப்பலின் மரச் சுவரில் சுத்தமாக ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். மெதுவாக வரும் பெரிய குண்டோ மரத்தைப் பிளந்து, சிலாம்புகளாகச் சிதறடிக்கும். அந்தக் காலக் கடற்போர்களில் பலரைக் கொன்றது இந்தச் சிலாம்புகள்தான். ராபின்ஸ் இறந்து ஏறக்குறைய 30 வருடம் கழித்து, ஸ்காட்லாந்தின் கேரன் கம்பெனி இதே தத்துவத்தில் "கேரனேடு" என்ற குட்டைப் பீரங்கியைக் கொண்டு வந்தது.

இன்னொரு உதாரணமும் இந்தியாவிலிருந்தே கிடைக்கிறது. 1895 சித்ரால் படையெடுப்பில், புதிய .303 குண்டு எதிரியை ஊடுருவிப் போய்விடுகிறது, ஆனால் அவனை நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறை சொன்னார்கள். கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் முனை மெத்தென்ற குண்டு தயாரானது. உடம்பில் பட்டதும் விரிந்து பெரிய காயம் உண்டாக்கும். அதன் கொடூரத்தைப் பார்த்து, 1899 ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது.

மரத்தை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மரத்தில் முடிச்சு இருக்கும், ரேகை ஓடும், ஈரம் ஏறி இறங்கும். ஒரே மரத்தின் இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி தடுக்காது. அதனால்தான் இன்றைய ஆய்வகங்கள் பலகையை விட்டுவிட்டு, குறிப்பிட்ட பக்குவத்தில் காய்ச்சிக் குளிர வைத்த ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கின்றன.

கடலூரில் முடிந்த கணக்கு

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் கம்பெனி பயந்துபோனது. கோட்டைகளைச் சரிசெய்ய நல்ல பொறியாளர் வேண்டும். ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1749 கடைசியில் கப்பல் ஏறி, 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டை வந்து சேர்ந்தார். அப்போது சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே அதுதான். அந்தக் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்தார். ஆனால் காய்ச்சல் விடவில்லை. 1751 ஜூலை 29-ல் இறந்தார். வயது 44.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். குண்டு போகும் வழியைக் கணக்கிட்டவர் உழைத்த கோட்டை, அவர் போய் ஏழே வருடத்தில் மண்மேடானது.

கணக்கு மட்டும் நிற்கவில்லை. ராபின்ஸ் சோதித்த அதே முக்கால் அங்குல அளவுக் குழல்கள்தான் கம்பெனிச் சிப்பாய்களின் தோளில் ஏறின. 1768-ல் கர்னல் வுட்டின் படை அவற்றோடு சேலம், நாமக்கல் சமவெளிக்கு வந்து கோட்டைகளைப் பிடித்தது. சில மாதங்களில் ஹைதர் அலி அவற்றை மீட்டார். கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சேலம் பகுதியைக் கம்பெனிக்குக் கொடுத்தார்.

மறுபடியும் மலையடிவாரத்துக்கு

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். நாட்டுத் துப்பாக்கியால் பலகையில் சுட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? ராபின்ஸ் கேட்ட நிபந்தனைகளில் ஒன்றுகூட அங்கே கிடையாது. மருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி, குண்டு ஒரு மாதிரி, குழல் எங்கிருந்தோ வந்த இரும்பு. இன்று 2 அங்குலம் போனது நாளை பலகையைத் தாண்டி பின்னால் நிற்பவர் மேல் பாயலாம்.

அதைவிட மோசம், பின்பக்கமே வெடிக்கலாம். மருந்து எரியும் கணத்தில் உள்ளே உண்டாகும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு என்று ராபின்ஸே கணக்கிட்டிருந்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைவிடவும் அதிகம் என்றார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதிக்காத குழலைக் கன்னத்தோடு அணைத்துச் சுடுகிறவர் எதை நம்பிச் சுடுகிறார்? பலகையில் விழுந்த ஓட்டையை அளக்கலாம். குழலில் விழுந்திருக்கும் மயிரிழை விரிசலை அந்த ஓட்டை சொல்லாது.

சட்டமும் இதில் விளையாட்டுக்கு இடம் வைக்கவில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வது பெரிய குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பயிரைத் தின்ன வரும் பன்றிக்காகத்தான் வைத்திருந்தேன் என்று சொன்னாலும் வழக்கு வழக்குதான்.

அடுத்த முறை கடலூர் போகிறவர்கள் குண்டு சாலை வழியாகத் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு குண்டு எங்கே விழுமோ என்று தெரியாமல் சுட்டு நிலம் அளந்த இடமும், குண்டின் கணக்கைக் கண்டுபிடித்தவர் கண் மூடிய இடமும் ஒன்றேதான். இரண்டுக்கும் நடுவில் 61 வருடம், ஒரு மரக்கட்டை, ஒரு நாடா!