சின்னப்பன் என்ற பெயர் பிறந்த கதை

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்களாம். மூத்தவர் பெரியண்ணன், அடுத்தவர் நடுவண்ணன், இளையவர் சின்னண்ணன். வீட்டில் கூப்பிடும் முறையே பெயராக நிலைத்துவிட்டது. சின்னசாமி, சின்னத்தம்பி, சின்னப்பொண்ணு என்று தமிழ்நாடு முழுக்க இந்த வழக்கம் உண்டு. அந்த வரிசையில் சின்னப்பனுக்கு மட்டும் இரண்டு பிறப்பு. ஒன்று நம் வீட்டுத் திண்ணையில். இன்னொன்று விவிலியத்தில்.

இன்றைய துருக்கியில் உள்ள தர்சு நகரில், பென்யமின் குலத்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சவுல். எபிரேயத்தில் அதற்கு 'கேட்டுப் பெற்றவன்' என்று பொருள். நம் ஊரில் வேண்டுதல் வைத்துப் பெற்ற பிள்ளை என்போமே, அதுதான். ரோமக் குடியுரிமை பெற்றிருந்த அவருக்குப் பவுலுஸ் என்ற லத்தீன் பெயரும் இருந்தது. அதன் பொருள் 'சிறியவன்'. கிறிஸ்துவை ஏற்று மனம் மாறிய அன்றே பெயரும் மாறியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திருத்தூதர் பணிகள் நூலில் மனமாற்றம் வருவது 9-ஆம் அதிகாரத்தில். பவுல் என்ற பெயர் முதலில் வருவது 13-ஆம் அதிகாரத்தில், சைப்பிரசு தீவில். பிற இனத்தாரிடையே நடமாடியவருக்கு அவர்கள் நாவுக்குப் பழகிய பெயரே உதவியது. திருத்தூதர்களில் தாம் கடையவர் என்று எழுதியவருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருந்தது.

கிறிஸ்தவ மறைபணிக்காக இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். 1623-இல் சேந்தமங்கலம் வழியாக, சேர்வராயன் மலையடிவாரத்துச் சேலத்துக்கும் வந்தார். தத்துவ போதகர் என்ற பெயரில் வாழ்ந்தவர் அவர். அந்த மதுரைப் பணியின் மரபில் பெயரின் ஒலியைவிடப் பொருளுக்கே முதலிடம். யோவான் என்றால் 'கடவுள் அருள்கூர்ந்தார்', ஆகவே அருளப்பர். 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர். வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ. உறுதி என்ற அதன் பொருளைக் கொண்டு முதலில் தைரியநாதர் ஆனார். அதே முறையில் பவுல் சின்னப்பர் ஆனார். 'சிறியவன்' என்பதோடு தந்தையைக் குறிக்கும் சொல் சேர்ந்ததும், பணிவும் மரியாதையும் ஒரே பெயரில் அமைந்துவிட்டன.

எவ்வளவு இயல்பாக அமைந்தது என்றால், பெயரை மட்டும் கேட்டு மதம் சொல்ல முடியாது. நடிகர் புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவும் படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரும் கிறிஸ்தவர்கள் அல்லர்.

சீர்திருத்தச் சபையார் பவுல் என்றே எழுதிவந்தார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்புக்குப் பிறகு கத்தோலிக்க விவிலியத்திலும் பவுல்தான். இரு சபையாரும் ஒரே பெயரைச் சொல்வது நல்லதே. ஆனாலும் பவுல் என்ற ஒலியில் தமிழ்க் காதுக்குப் பொருள் கேட்பதில்லை. சின்னப்பர் என்றால் கேட்கிறது.

பிள்ளைக்குப் பால், ஜான் என்று தாராளமாகப் பெயர் வையுங்கள். கூடவே, உன் பெயருக்குச் சின்னப்பன் என்றும் அருளப்பன் என்றும் தமிழ் உண்டு என்பதையும் சொல்லி வளருங்கள்.