வாழைமர நோட்டு

வாழைமர நோட்டு: இரண்டாம் உலகப்போரின்போது மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஆகிய பகுதிகளில் ஜப்பானிய ஆக்கிரமிப்பு அரசு 1942 முதல் 1945 வரை வெளியிட்ட டாலர் காகிதப் பணம். பத்து டாலர் நோட்டில் உள்ள வாழைமரப் படமே பெயருக்குக் காரணம். மலாயில் டூயிட் பிசாங் எனப்படும். பணத்தாள் சேகரிப்பில் ஆக்கிரமிப்புப் பணம் என்ற பிரிவில் அடங்கும்.

ஒரு சென்ட் முதல் ஆயிரம் டாலர் வரை மதிப்புகள் உண்டு. ஆட்சியாளர் உருவப்படம் இல்லை. தொகுதி எழுத்துகள் மலாயாவைக் குறிக்கும் ‘எம்’ எழுத்தில் தொடங்கும்; ஜப்பானியர் பர்மாவுக்கு வெளியிட்ட நோட்டுகளில் இவ்விடத்தில் ‘பி’ வரும். பத்து டாலர் நோட்டின் முகப்பில் வாழை, பின்புறம் தொடுவானில் ஒரு கப்பல். தொடக்க அச்சில் வரிசை எண் இருந்தது. பிற்பட்டவற்றில் தொகுதி எழுத்துகள் மட்டுமே. தாளும் அச்சும் தரம் குறைந்தன. கணக்கின்றி அச்சிட்டதாலும் கள்ள நோட்டுகளாலும் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. ஆயிரம் டாலர் நோட்டு இக்காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியபின் இப்பணம் செல்லாததாயிற்று. தோட்டத் தொழிலாளரான தமிழர் உள்ளிட்டோரின் சேமிப்பு வெற்றுத் தாளானது. ஆக்கிரமிப்புக் காலக் கடன்களை மதிப்பிட 1948இல் மலாயாவில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது வரிசை எண்ணையே. எண்ணுள்ள 1942 நோட்டுகள் அரியவை. வரிசை எண் இல்லாதவை கட்டுக்கட்டாகத் தப்பியதால் மடிப்பில்லாத தாளும் மலிவாகவே கிடைக்கும். பிற்கால நகல்களும் சந்தையில் உண்டு.